அண்ணன் போட்ட பதினேழு

குடையை ஜெயித்தது அக்கவுண்ட்ஸில் இருக்கிறவர். இந்த ஐப்பசி மழை முழுக்க அவர் அதை ஒரு நாள்கூட விரித்துப் பார்க்கவில்லை. நனைந்தால் சாயம் போய்விடுமாம். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நாங்கள் பாலிதீன் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். அவர் குடையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்களோடு சேர்ந்து நனைகிறார். நாலு பேர் தாராளமாக நிற்கலாம் அந்தக் குடைக்குக் கீழே. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். குடை வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தப் பந்தயத்தில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. அண்ணன் பெயர்மேல் கோடு விழக் கூடாது. அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனியில் டி.வி. பெட்டிக்கு பிளாஸ்டிக் கூடு செய்கிறார்கள். போன வருஷக் கடைசியில் கப்பலில் இரண்டு புது மெஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். எந்நேரமும் சிவந்த முகம். அவருக்குக் கையாளாகப் போட்டது என் அண்ணனை. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, கிரீஸ் டப்பா பிடிப்பது, டீ வாங்கி வருவது. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை செய்வார்களாம். அண்ணன் அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வார்த்தை "பரவாயில்லை". அதை அவர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார். டீயில் ஈ விழுந்தால் பரவாயில்லை. கரண்ட் போனால் பரவாயில்லை. சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டால் அதற்கும் பரவாயில்லை.

அவர் ஊர் கடற்கரையில் இருக்கிறது. அங்கே மணல் மேட்டிலும் புல்லிலும் கோல்ஃப் ஆடுவார்கள். வருஷா வருஷம் ஜூலை மாதம் அந்த மாதிரி ஒரு கடற்கரை மைதானத்தில் பெரிய போட்டி நடக்கும். எந்த தேசத்தில் வேலை செய்தாலும், கூட வேலை செய்கிறவர்களைச் சேர்த்து அந்தப் போட்டிமேல் ஒரு பந்தயம் வைப்பது இவர் வழக்கம். ஜூலைப் போட்டிக்கு மே மாதத் தொடக்கத்திலேயே படம் ஒட்டிவிட்டார். இந்த ஊரில் அவருக்கு எதிர்பார்க்க வேறு ஒன்றும் இல்லை, பாவம்.

காண்டீன் சுவரில் பெரிய சார்ட். ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டிய நாற்பது ஆட்டக்காரர்களின் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பக்கத்தில் இன்னொரு தாள். அதில் அவரவர் கையால் பெயரை எழுதி, எதிரே ஒரு நம்பரைப் போட வேண்டும். நூலில் ஒரு பென்சில் தொங்கும். ஆளுக்கு ஒரு டிபன் டோக்கன் டப்பாவில் போட வேண்டும். கடைசி நாள் அந்த டோக்கனுக்கு எல்லோருக்கும் போண்டா. ஜெயிக்கிறவனுக்கு அவருடைய சொந்தக் குடை.

சட்டத்தை சூப்பர்வைசர்தான் தமிழில் சொன்னார். குறைவான அடியில் பந்தைக் குழியில் தள்ளி முடிக்கிறவன் ஜெயிப்பான். நாலு நாள் ஆட்டம். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கிய பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யார் போட்ட ஆள் வீட்டுக்குப் போகிறானோ, அவர் பெயர்மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஆட்டம் தொடங்குவதற்கு முந்தின நாள் வரை நம்பரை அழித்து மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஆட்களில் ஒருத்தரும் கோல்ஃபை டி.வி.யில்கூடப் பார்த்ததில்லை. அதனால் எப்படி வேண்டுமானாலும் போட்டார்கள். தொப்பி நன்றாக இருக்கிறது என்று ஒருத்தர். பல்லைப் பார்த்தால் பணக்காரன் மாதிரி இருக்கிறான் என்று ஒருத்தர். ஸ்டோர் கீப்பர் பிள்ளையார் கோவிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்டு, இருபத்திரண்டு என்று எழுதினார். எட்டை மட்டும் யாரும் தொடவில்லை. சனி நம்பர். கடைசியாக வந்த அக்கவுண்ட்ஸ்காரர்தான் அதைப் போட்டார். "நான் பொறந்ததே எட்டாம் தேதி சார். இனிமே சனி என்னை இன்னா பண்ணிடும்?" என்றாராம்.

என் அண்ணன் போட்டது பதினேழு.

இதெல்லாம் அண்ணன் வீட்டில் வந்து சொன்னது. அப்போது நான் அந்தக் கம்பெனியில் இல்லை. பதினேழு எப்படி இருப்பான் என்று கேட்டேன். மற்ற எல்லாரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டைலாக நிற்கிறார்கள், பதினேழு மட்டும் முழங்கால் உயரப் புல்லில் குனிந்து தொலைந்த பந்தைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்றான்.

"அறிவு கீதா உனக்கு? பந்தைத் தொலைச்சவனைப் போய் எதுக்குப் போட்ட?"

"பாவமா இருந்துச்சி மே. முப்பத்தொம்போது பேரு போட்டோவுக்கு நிக்கிறான். இவன் ஒருத்தன்தான் வேலை செஞ்சிக்கினு கீறான்."

"தேடறதுக்கா குடை குடுப்பாங்க?"

"தேடறான் இல்ல, கெடைக்கும். உனக்கு இன்னா, நீயா டோக்கன் கட்டின? போய் சோறு போடு."

அண்ணன் எப்போதும் இப்படித்தான். கத்திரிக்காய் வாங்கி வரச் சொன்னால் பூச்சி விழுந்ததாகப் பொறுக்கி எடுத்து வருவான். செருப்பு வாங்கினால் ஒரு கால் இறுக்கும். நானும் அம்மாவும் திட்டிக்கொண்டே இருப்போம்.

அந்த வாரமே அவன் கண் மஞ்சளாகத் தெரிந்தது. "கண்ணு இன்னாடா மஞ்சளா கீது?" என்றாள் அம்மா. "டியூப்லைட் வெளிச்சம்மா," என்றான். பகலில் பார்த்தும் மஞ்சளாகத்தான் இருந்தது. வெயிலில் வேலை செய்வதால் என்றான். புது மெஷின் ஓட வேண்டும், ஓ.டி. இருக்கிறது, இப்போது லீவு போட முடியாது. மஞ்சள்காமாலையோடு காண்டீன் போண்டாவைத் தின்றுகொண்டு போய்வந்தான். விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. நாலு நாள். அவனுக்கு இருபத்துநாலு வயசு.

அது நடந்து ஒன்பதாம் நாள், ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து அந்தப் பெரிய சாவு. எங்கள் ஊர்ப் பெயரை உலகமே சொன்னது. ரோடு முழுக்க ஜீப், போலீஸ். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றித்தான் பேசினார்கள். "நீங்க எவ்ளோ கிட்ட கீறீங்க, சத்தம் கேட்டுதா?" என்று அம்மாவைக் கேட்டாள் ஒரு சித்தி. எனக்கு அந்தச் சித்தியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் என்று இருந்தது.

அப்புறம் கோடுகள் ஆரம்பித்தன. ரேஷன் கார்டில் அவன் பெயர்மேல் ஒரு கோடு. ஓட்டுப் போடப் போன இடத்தில் ஒருத்தர் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். கோணலாகப் போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனம். கம்பெனியில் இரக்கப்பட்டு எனக்கு பாக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். ஏழாவதோடு நின்றவளுக்கு அதுவே பெரிசு. கையெழுத்துப் போடப் போனபோது டைம் ஆபீஸில் ரெஜிஸ்டரைத் திருப்பி, என் கண் எதிரே அவன் பெயரை அடித்துவிட்டு, கீழே என் பெயரை எழுதினார்கள்.

அன்று மதியம் காண்டீனுக்குப் போனால் சுவரில் அந்தத் தாள். இருபத்துமூன்று பெயர்கள். நடுவில் அண்ணன் பெயர், அவன் கையெழுத்தில், எதிரே பதினேழு. ஒன்றைக் குட்டையாகவும் ஏழை நீளமாகவும் எழுதுவான். கோடு இல்லை. எல்லா இடத்திலும் அடித்துவிட்டார்கள். இங்கே மட்டும் அடிக்க மறந்துவிட்டார்கள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் இருந்தவர்கள், "சாம்பார் வாங்கினு நகரு மா" என்று கத்தினார்கள்.

மறக்காதவர் ஸ்டோர் கீப்பர். ஒரு நாள் டீ நேரத்தில் நேராகவே என்னிடம் சொன்னார்.

"போன புள்ளை பேரு எதுக்கு மா அங்க? பாக்கும்போதெல்லாம் பக்குனு கீது. தங்கமான பையன். அடிச்சிட்டு அவன் டோக்கனை உன்கிட்டயே குடுத்துடலாம்."

எல்லோருக்கும் அவன் தங்கமாகிவிட்டான். உயிரோடு இருந்தபோது இந்த ஸ்டோர் கீப்பர் அவனைக் கழுதை என்றுதான் கூப்பிடுவார். நட்டு ஒன்று குறைந்தால் அவன் அப்பன் வரைக்கும் இழுப்பார்.

"டோக்கன் கட்டினான் இல்ல சார்? கையால எழுதினான் இல்ல?" என்றேன். "அப்புறம் உங்களுக்கு இன்னா ரூலோ அதேதான் அவனுக்கும். அவன் ஆளு தோத்தா அடிங்க. அது வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

எனக்கே என் குரல் பயமாக இருந்தது. வெள்ளைக்காரர் அடுத்த மேசையிலிருந்து என்ன என்று கேட்டார். சூப்பர்வைசர் சொன்னார். வெள்ளைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினார். நம்பரை மாற்ற வேண்டுமானால் தங்கச்சி மாற்றலாம் என்றும் சொன்னாராம். அதற்கு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அங்கேதான் பேஜார் ஆரம்பித்தது.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால், யார் எத்தனை மணிக்கு ஆட ஆரம்பிப்பார்கள் என்ற பட்டியல் ஆபீஸ் ஃபேக்ஸில் வந்தது. பாதிப் பேர் காலையில், பாதிப் பேர் மதியத்துக்கு மேல். அதைப் பார்த்ததும் மோல்டிங் ஆபரேட்டர் குதித்தார். அண்ணனோடு ஒரே மெஷினில் நின்றவர், அவனுக்கு ரொம்ப சிநேகிதம். எந்த விஷயத்திலும் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பு.

"இது ஷிப்டுபா!" என்றார். "ஃபர்ஸ்ட் ஷிப்டு, செகண்ட் ஷிப்டு. கடலோரத்துல ஆடறான் இல்ல? கோவளத்துல போய் நின்னு பாரு. காலைல ஒரு இலை ஆடாது. பன்னெண்டு மணிக்கு மேல கடல் காத்து கெளம்பி மண்ணை வாரி மூஞ்சில போடும். செகண்ட் ஷிப்டுக்காரன் அடிக்கிற பந்து எங்க போவும்? ஃபர்ஸ்ட் ஷிப்டு ஆளைப் போட்டவன் பொழைச்சான்."

சந்தேகம் தீர வெள்ளைக்காரரிடமே போய் நின்றார். கையை வீசிக் காற்று அடிப்பது மாதிரி காட்டி, "சார், ஆஃப்டர்நூன்? விண்டு?" என்றார். வெள்ளைக்காரர் வாய் நிறைய இட்லியோடு, "பரவாயில்லை," என்றார்.

"பாத்தியா? அவரே ஒத்துக்கினாரு."

அன்று முழுக்கக் காண்டீனில் ரப்பர் தேய்க்கிற சத்தம்தான். எல்லோரும் பழைய நம்பரை அழித்து, காலையில் ஆடுகிறவர்களுக்கு மாறினார்கள். பிள்ளையாரிடம் உத்தரவு வாங்கிய ஸ்டோர் கீப்பர்கூட மாறினார். பிள்ளையாருக்கு ஷிப்டு விவரம் சொல்லவில்லையாம், அதனால் கணக்கு தப்பிவிட்டதாம். மாறாதது அக்கவுண்ட்ஸ்காரரோடு சேர்த்து ஐந்தாறு பேர். அப்புறம் அண்ணன்.

பதினேழு செகண்ட் ஷிப்ட்.

"தங்கச்சி, சொன்னா கேளு," என்று என் பின்னாலேயே வந்தார் ஆபரேட்டர். "அவன் பேரு நிக்கணும்னுதானே உனக்கு? பதினேழை வெச்சினு இருந்தா சனிக்கிழமை கோடு. நான் போட்ட நாலாம் நம்பருக்கு மாத்து. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிக்கும். நான் கேரண்டி."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான். ரப்பரை வாங்கிக்கொண்டு போனேன். தாளுக்கு எதிரே நின்றேன். பதினேழை அழித்தால் அந்த நீளமான ஏழு போய்விடும். நான் எழுதுகிற நாலு என் கையெழுத்தாக இருக்கும். வெறும் பெயர் மட்டும் இருந்து, போட்டது அவன் இல்லை என்றால், அந்தப் பெயருக்கு அங்கே என்ன வேலை? ஆனால் கோடு விழுந்துவிட்டால்? நான் அங்கேயே நின்றுகொண்டு, செத்துப் போனவனை மனசுக்குள் திட்டினேன். நாற்பது பேரில் உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? போகிறவன் எனக்கு இந்தத் தலைவலியையும் வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா?

ரப்பரை ஆபரேட்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி," என்றார்.

வீட்டில் அம்மா தொல்லை வேறு. பந்தயத்தைப் பற்றி அவளிடம் சொன்னது என் தப்பு. இரண்டு மாதமாக எதையும் கேட்காதவள், இதை மட்டும் கேட்டாள்.

"அந்தப் பதினேழுக்கு அம்மா கீறாளா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க வெள்ளைக்காரனைக் கேளு."

கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "செவன்டீன், மதர்?" என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, "பரவாயில்லை," என்றார். அதை நான் வீட்டில் போய் என்னவென்று சொல்வது? இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால், அம்மா அம்மன் கோவிலுக்குத் தேங்காய் எடுத்து வைத்திருக்கிறாள். பதினேழுக்காக. எங்கேயோ இருக்கிற, பெயர்கூடத் தெரியாத வெள்ளைக்காரன் பிள்ளைக்காக. சொந்தப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேண்டிக்கொண்டபோது காதில் வாங்காத அம்மனுக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஃபேக்ஸ் வந்தது. முதல் நாள் ஆட்டம். ஆபரேட்டர் சொன்னது அப்படியே பலித்திருந்தது. காலையில் ஆடினவர்கள் எல்லோரும் மேலே. மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி, ஆடினவர்களைப் புரட்டிப் போட்டிருக்கிறது. பதினேழு எங்கே என்று மேலிருந்து தேடிக்கொண்டே வந்தால், கடைசிக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். ஆபரேட்டர் காண்டீனில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தார். அவருக்கு இரண்டு பேர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். "சொன்னேன் இல்ல," என்று என்னைப் பார்த்து மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை நான் டம்ளரை வேகமாக வைத்தேன். டீ அவர் சட்டையில் தெறித்தது.

அப்போதுதான் வெள்ளைக்காரர் பட்டியலின் இன்னொரு பத்தியைக் காட்டி சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் முகம் மாறியது.

"இன்னா சார்?"

"இன்னிக்கு மாறுதாம்பா. நேத்து காலைல ஆடினவங்க இன்னிக்கு மத்தியானம். நேத்து மத்தியானம் ஆடினவங்க இன்னிக்கு காலைல."

ஆபரேட்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"அது எப்படி சார்? வாரத்துக்கு ஒரு தபாதான ஷிப்டு மாத்தணும்? நடுவுல எப்படி மாத்துவான்?"

"சாயங்காலம் வரைக்கும் ஆடினவனைக் காலைல ஏழு மணிக்கு வாடான்னா, தூங்க வாணாமா அவன்?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"ஓ.டி. குடுப்பாங்களா?"

"அவங்களுக்கு யூனியன் இல்லியா சார்? கேளு சார்!"

சூப்பர்வைசர் கேட்டார். வெள்ளைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். அப்புறம் யூனியன் இல்லை என்றார்.

"அதான்," என்றார் ஆபரேட்டர். "யூனியன் இல்லாத எடத்துல இப்டித்தான் அநியாயம் பண்ணுவான்."

இன்று காலை ஆடப்போவது பதினேழு. இலை ஆடாத நேரத்தில். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். "நாளைக்குத் தெரிஞ்சிடுமா?" என்றாள். காலையில் தெரியும் என்றேன். தேங்காய் நன்றாக உடைந்தது, அழுகல் இல்லை என்றாள். ஏனோ அதைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணி டீக்கு பாக்கிங்கிலிருந்து ஓடினேன். வெள்ளைக்காரர் ஏற்கெனவே தாளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கையில் ஃபேக்ஸ், ஒரு கையில் சிவப்புப் பென்சில். சூப்பர்வைசர் சொன்னார்: முந்தின நாள் மதியத்துக்கு மேல் மழையோடு சேர்ந்து காற்று அடித்து, முதல் நாள் மேலே இருந்தவர்கள் எல்லோரும் சரிந்துவிட்டார்கள். நாலாம் நம்பர் பந்தைக் கடலிலேயே போட்டுவிட்டான். எட்டு மட்டும் அந்தக் காற்றிலும் நின்றிருக்கிறான்.

"பதினேழு?" என்றேன்.

சூப்பர்வைசர் ஃபேக்ஸை இரண்டு தடவை பார்த்தார். "நேத்து காலைல நல்லா ஆடிக்கீறான்மா. எவ்ளோ பேரைத் தாண்டி மேல வந்துக்கீறான். ஒரு அடி. ஒரே ஒரு அடி கம்மியா அடிச்சிருந்தா உள்ள."

அப்படியென்றால் வெளியே.

வெள்ளைக்காரர் மேலிருந்து ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். சிவப்புப் பென்சில் சர் சர் என்று போனது. ஸ்டோர் கீப்பர் பெயர். ஆபரேட்டர் பெயர். மூன்று மோல்டிங் ஆட்கள் வரிசையாக. அண்ணன் பெயருக்கு வந்தது. பென்சில் தூக்கிக்கொண்டது. தாண்டி, அடுத்த பெயரில் இறங்கியது.

ஸ்டோர் கீப்பர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் சுவரைப் பார்த்தார். நான் வருவதற்கு முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

கடைசி வரைக்கும் போட்டு முடித்துவிட்டார். இருபத்துமூன்றில் ஐந்து பெயர் மிச்சம். எட்டைப் போட்ட அக்கவுண்ட்ஸ்காரர், இன்னும் மூன்று பேர், அண்ணன். எனக்கு வேண்டியது அதுதான். கோடு விழவில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு கோபம் அவன் செத்தபோதுகூட வரவில்லை. ஸ்டோர் கீப்பருக்குக் கோடு உண்டு, ஆபரேட்டருக்குக் கோடு உண்டு, இவனுக்கு மட்டும் கிடையாது. ஏனென்றால் இவன் ஆட்டத்திலேயே இல்லை. தங்கமான பையன்.

"சார்," என்றேன். "அந்தப் பேரு விட்டுப்போச்சு."

வெள்ளைக்காரர் திரும்பினார். நான் கையால் காட்டினேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. "பரவாயில்லை," என்றார். நடுவில் இருக்கிற வாவை இழுத்து, அப்படியே அண்ணன் சொல்கிற மாதிரி.

"பரவாயில்லைலாம் இல்ல சார். அவன் ஆளு வூட்டுக்குப் போயிட்டான். அடிங்க."

"விடு மா," என்றார் சூப்பர்வைசர்.

"எதுக்கு விடணும்? உங்க பேரையெல்லாம் அடிச்சாரு இல்ல? அன்னிக்கே சொன்னேன் இல்ல, எல்லாருக்கும் இன்னா ரூலோ அதேதான் அவனுக்கும்னு? டோக்கன் கட்டினான். ஆடினான். தோத்துட்டான். அடிக்கச் சொல்லு சார்."

சூப்பர்வைசர் இதை இங்கிலீஷில் சொன்னாரா என்று தெரியாது. சொல்லத் தேவை இருக்கவில்லை. வெள்ளைக்காரர் தாளின் பக்கம் திரும்பினார். அண்ணன் பெயர்மேல் கோடு போட்டார். ஸ்கேல் வைக்கவில்லை. மற்ற பதினெட்டுக் கோடு மாதிரியே கொஞ்சம் கோணலாக, அவசரமாக ஒரு கோடு.

அப்புறம் ஆபரேட்டர் வெடித்தார்.

"பேமானி!" என்று அந்தத் தாளைப் பார்த்துக் கத்தினார். "படிச்சிப் படிச்சி சொன்னேனேடா, புல்லுல நிக்கறவனைப் போடாதடான்னு! கேட்டியா? ஒரு அடி! ஒரே ஒரு அடில வுட்டியேடா கஸ்மாலம்!"

சொன்ன பிறகுதான் யாரைத் திட்டினோம் என்று உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன், நிற்கவில்லை.

"நீ பேசாத," என்றார் ஸ்டோர் கீப்பர், ஆபரேட்டரிடம். "அந்தக் கழுதையாவது ஒரு அடில போனான். நீ போட்டவன் பந்தைக் கடல்ல போட்டுட்டு நிக்கிறான். ஷிப்டாம் ஷிப்டு! உன் பேச்சைக் கேட்டு சாமி குடுத்த நம்பரை அழிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"அப்ப உன் இருபத்திரண்டு இன்னா ஆனான், பாத்தியா?"

பார்த்தார்கள். இருபத்திரண்டும் வீட்டுக்குத்தான் போயிருந்தான். அதற்கு ஒரு சண்டை. சங்கு ஊதும் வரைக்கும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே அண்ணனுக்கும் பங்கு விழுந்தது. அந்தக் கழுதை, அந்தப் பேமானி. தங்கமான பையன் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்த ஃபேக்ஸில் எட்டு ஜெயித்திருந்தான். போண்டாவும் வந்தது. நான் சாப்பிடவில்லை. காண்டீன் போண்டாவை இனி நான் சாப்பிடப்போவதில்லை.

கோடு விழுந்த அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி ஆச்சி?" என்றாள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"போயிட்டான்மா. ஒரு அடில போயிட்டான்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அவனுக்கு என்னிக்கு ஒண்ணு பாத்து எடுக்கத் தெரிஞ்சுது?" என்றாள். "நாப்பது பேரு இருந்தா அதுல சொத்தையைத்தான் பொறுக்குவான். கத்திரிக்கா வாங்கினு வரச்சொன்னா அப்படி. அந்தச் செருப்பு, இன்னும் மூலைல கெடக்குது பாரு, ஒரு கால் சின்னது. கடைக்காரன் குடுத்தா வாங்கினு வந்துடுவான். கண்ணு மஞ்சளா கீதுடான்னு சொன்னா, டியூப்லைட்டுன்றான்! டியூப்லைட்டாம்! பெத்தவளுக்குத் தெரியாதா மஞ்சளா வெளிச்சமான்னு?"

இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை.

"வெயில்னு வேற சொன்னான்மா," என்றேன்.

"வெயிலாம்! மோல்டிங் ஷெட்டுக்குள்ள எங்கடி வெயில்?"

"லீவு போடுடான்னேன். மெஷின் நின்னுடும்னான்."

"இப்ப இன்னா, நின்னுப்போச்சா மெஷினு?"

"ஓடுதும்மா. ரெண்டும் ஓடுது."

"பாத்தியா?" என்றாள் அம்மா. உள்ளே போய்க்கொண்டே திட்டினாள். நானும் பின்னாலேயே போய், எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அவனை விடவில்லை.